பமீலா கோல்மன் ஸ்மித்தின் படைப்புகளைச் சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

மலை விளிம்பில் தோளில் மூட்டையோடு ஓர் இளைஞன், மஞ்சள் வானம், காலருகே துள்ளும் வெள்ளை நாய். குறி சொல்லப் பயன்படும் டாரட் சீட்டில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, இந்தப் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். டி-ஷர்ட்டில், சுவரொட்டியில், கைப்பேசி உறையில் என்று எங்கும் இருக்கிறது. வரைந்தது யார் என்று கேட்டால்தான் பெரும்பாலும் பதில் வராது. அந்தச் சீட்டுக்கட்டுக்கு ‘ரைடர்–வெயிட்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. ரைடர் அதை வெளியிட்ட லண்டன் பதிப்பகம், வெயிட் அதற்குத் திட்டம் கொடுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட். 1909இல் அத்தனை படங்களையும் வரைந்து கொடுத்த பமீலா கோல்மன் ஸ்மித்தின் பெயர் அதில் இல்லை. அந்த நவம்பரில் நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதிய கடிதத்தில், மிகக் குறைந்த பணத்துக்கு ஒரு பெரிய வேலையை, 80 படங்களை, முடித்துக் கொடுத்திருப்பதாக அவரே சொல்கிறார்.

அவருடைய படைப்புகளைச் சேகரிக்க ஆசைப்படும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று: அவர் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் டாரட் சீட்டுகள்தான் வந்து குவியும். மற்ற நல்ல சரக்கெல்லாம் அடுத்தவர் பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதனால் இந்தச் சேகரிப்பில் பணத்தைவிட விவரம் முக்கியம்.

முதலில் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். எந்த ஆண்டில் எந்த ஊரில் யாரோடு இருந்தார் என்று தெரிந்தால்தான், எந்தப் பதிப்பகத்தை, எந்த எழுத்தாளரைத் தேடுவது என்று தெரியும்.

1878 பிப்ரவரி 16 அன்று லண்டனில் பிறந்தார். பெற்றோர் அமெரிக்கர்கள். சிறுவயது மான்செஸ்டரிலும், அப்பாவின் வேலை காரணமாக ஜமைக்காவின் கிங்ஸ்டனிலும் கழிந்தது. 1893இல் புரூக்ளினில் உள்ள பிராட் கல்லூரியில் சேர்ந்து ஆர்தர் வெஸ்லி டோவிடம் ஓவியம் படித்தார், பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1896இல் அம்மா இறந்தார், 1899இல் அப்பாவும் இறந்தார். அப்புறம் லண்டனில் நாடக உலகம்தான் அவருக்குக் குடும்பம் ஆனது. புகழ்பெற்ற நடிகர்கள் ஹென்றி இர்விங், எல்லன் டெர்ரி ஆகியோரின் லைசியம் நாடகக் குழுவோடு பயணம் போனார். எல்லன் டெர்ரி வைத்த ‘பிக்ஸி’ என்ற செல்லப்பெயர் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. அந்தக் குழுவின் நிர்வாகி பிராம் ஸ்டோக்கர், டிராகுலாவை எழுதிய அதே ஸ்டோக்கர். 1901இல் கோல்டன் டான் என்ற மறைஞானச் சங்கத்தில் சேர்ந்தார், வெயிட்டைத் தெரிந்தது அந்த வட்டத்தில்தான். இசை கேட்கும்போது கண்முன் காட்சிகள் எழும், அவற்றை இசை முடிவதற்குள் வரைந்துவிடுவார். 1911இல் கத்தோலிக்கராக மாறினார். பிற்பாடு சொத்து கொஞ்சம் கைக்கு வர, கார்ன்வாலின் லிசார்ட் பகுதியில் குடியேறினார். 1951 செப்டம்பர் 18 அன்று அதே கார்ன்வாலின் பியூட் ஊரில் கடனோடு இறந்தார். அவர் வைத்திருந்தவை கடனை அடைக்க ஏலம் போயின.

இதிலிருந்து சேகரிப்பவருக்குக் கிடைக்கும் கணக்கு எளிது. அச்சில் வந்த முக்கியமான வேலைகள் 1890களின் பின்பாதியிலிருந்து 1914 வரைதான். இருபது ஆண்டுகூட இல்லை. அதற்குப் பிந்தைய தேதியோடு ‘அபூர்வப் புத்தகம்’ என்று யாராவது காட்டினால், அது மறுபதிப்பா என்று முதலில் பாருங்கள்.

காசு செலவழிக்கும் முன் கண்ணைப் பழக்குங்கள்

அவர் இறந்து இந்தியச் சட்டப்படி 60 ஆண்டும், பிரிட்டனின் சட்டப்படி 70 ஆண்டும் கடந்துவிட்டன. இங்கே 2012 தொடக்கத்திலிருந்தும் அங்கே 2022 தொடக்கத்திலிருந்தும் அவர் படைப்புகள் பொதுவுடைமை. இதனால் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. நல்லது, நிறைய இலவசமாகப் பார்க்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் அவருடைய புத்தகங்களின் ஸ்கேன்கள் இருக்கின்றன. ‘எல்லோ நைன்டீஸ்’ என்ற கனடாப் பல்கலைக்கழகத் திட்டம் அவர் நடத்திய ‘தி கிரீன் ஷீஃப்’ இதழை அழகாக மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் ஸ்டீக்லிட்ஸின் ஆவணங்களோடு அவர் ஓவியங்களும் பாதுகாப்பாக இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே பார்க்கலாம்.

கெட்டது, யார் வேண்டுமானாலும் ஸ்கேனை அச்சடித்துப் புத்தகமாக விற்கலாம், விற்கிறார்கள். 1899 புத்தகம் என்று பட்டியலில் போட்டிருக்கும், வந்து சேர்வது போன மாதம் அச்சான மங்கலான நகலாக இருக்கும்.

ஆகவே சில வாரம் வெறுமனே பாருங்கள். கோடு எப்படிப் போகிறது, கூந்தலையும் கடல் அலையையும் எப்படி ஒரே வீச்சில் இழுக்கிறார், வண்ணத்தைத் தட்டையாக எப்படி நிரப்புகிறார் என்று பாருங்கள். டோவிடம் ஜப்பானிய அச்சுப்படங்களைப் பார்த்துப் படித்தவர், அது தெரியும். டாரட்டின் பல சீட்டுகளில் உருவங்களுக்குப் பின்னால் குறுக்கே ஒரு கோடு ஓடும், முன்னால் வெறும் தளம், பின்னால் தீட்டிய திரைச்சீலை, நடுவில் நடிகர்கள். நாடக மேடையில் வளர்ந்த கைதான் அப்படி வரையும்.

கையெழுத்தையும் பழகிக்கொள்ளுங்கள். ஆரம்ப காலப் படங்களில் பெயரைச் சாதாரண எழுத்தில் போடுவார். பின்னால் பி, சி, எஸ் மூன்றையும் ஒன்றோடொன்று பின்னி, கோலைச் சுற்றிய பாம்பாக நெளியும் ஒரு முத்திரையாக மாற்றினார். டாரட் சீட்டுகளில் கீழ்மூலையில் தேடினால் கிடைக்கும். சில சீட்டுகளில் புல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மறைந்திருக்கும்.

எதைச் சேகரிப்பது என்று ஒரு கோடு போடுங்கள்

எல்லாவற்றையும் வாங்க யாராலும் முடியாது. ஜமைக்கக் கதைகள், நாடகம், பாட்டும் கதைப்பாடலும், சொந்த இதழும் அச்சகமும், டாரட், இசைக் காட்சிகள், பெண்கள் வாக்குரிமைச் சுவரொட்டிகள் என்று அவர் உலகம் விரிந்தது. ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொண்டு ஆழமாகப் போங்கள்.

என்னைக் கேட்டால் ஜமைக்கக் கதைகளிலிருந்து தொடங்கச் சொல்வேன். மற்ற இடங்களில் அடுத்தவர் எழுத்துக்குப் படம் போட்டவர், இங்கே தானே கதைசொல்லி. 1896இல், இன்னும் பதினெட்டு வயதுப் பெண்ணாக இருந்தபோதே, அமெரிக்க நாட்டாரியல் ஆய்விதழில் இரண்டு ஜமைக்கக் கதைகளை வெளியிட்டார். 1899இல் நியூயார்க்கின் ஆர். எச். ரஸ்ஸல் பதிப்பகம் ‘அனன்சி ஸ்டோரீஸ்’ நூலைக் கொண்டுவந்தது. சிலந்தியான அனன்சி தந்திரத்தால் பெரிய விலங்குகளை ஏய்க்கும் கதைகள், ஜமைக்கப் பேச்சுமொழியிலேயே எழுதியவை, படங்களும் அவருடையவை. 1905இல் ‘சிம்-சிம்’ என்ற இன்னொரு தொகுப்பைத் தன் சொந்த அச்சகத்திலிருந்தே வெளியிட்டார். லண்டன் வீட்டுக் கூடங்களில் தரையில் உட்கார்ந்து, சின்னச் சின்னப் பொம்மைகளை வைத்துக்கொண்டு இந்தக் கதைகளை நிகழ்த்திக் காட்டுவார். முதல் பதிப்புகள் சுலபத்தில் சிக்காது, சிக்கினால் விலையும் அதிகம். மறுபதிப்பு ஒன்றை வாங்கிப் படித்துக்கொண்டே காத்திருக்கலாம், அதில் குறைவு எதுவும் இல்லை.

அடுத்தவர் பெயரில் தேடுங்கள்

இதுதான் விஷயம். பழைய புத்தகக் கடைக்காரர்கள் பட்டியல் போடும்போது எழுத்தாளர் பெயரைத்தான் போடுவார்கள். படம் வரைந்தவர் பெயர் கடைசி வரியில் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அதுவே உங்களுக்கு வாய்ப்பு. சேமஸ் மெக்மேனஸ் எழுதிய ‘இன் சிம்னி கார்னர்ஸ்’, 1899இல் வந்த ஐரிஷ் நாட்டுப்புறக் கதைத் தொகுப்பு. உள்ளே வண்ணப்படங்கள் பமீலாவுடையவை. அது பலமுறை அச்சானது என்பதால் இன்றும் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது. புதியவருக்கு இதைவிடப் பொருத்தமான முதல் புத்தகம் வேறில்லை என்பேன். எல்லன் டெர்ரியின் ‘தி ரஷ்யன் பாலே’ 1913இல் வந்தது, உள்ளே பமீலாவின் கோட்டோவியங்கள். நடனமாடும் உடலை ஏழெட்டுக் கோட்டில் பிடித்திருப்பார். இதையும் பல கடைகளில் நடனப் புத்தக அலமாரியில் வைத்திருப்பார்கள். 1914இல் வந்த ‘தி புக் ஆஃப் ஃப்ரெண்ட்லி ஜயன்ட்ஸ்’, யூனிஸ் ஃபுல்லர் எழுதிய சிறுவர் புத்தகம், அதுவும் அப்படித்தான்.

பிராம் ஸ்டோக்கரின் ‘தி லேர் ஆஃப் தி ஒயிட் வோர்ம்’ மட்டும் வேறு கதை. 1911இல் டாரட்டை வெளியிட்ட அதே ரைடர் பதிப்பகம் கொண்டுவந்தது, பமீலாவின் வண்ணப்படங்களோடு. ஸ்டோக்கர் ரசிகர்களும் அதற்குப் போட்டி போடுவதால் முதல் பதிப்பின் விலை ஏறிக் கிடக்கிறது. பின்னால் வந்த மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அந்தப் படங்கள் கிடையாது, விசாரிக்காமல் வாங்காதீர்கள்.

பத்திரிகைகளையும் விடாதீர்கள். லண்டனின் ‘ஸ்ட்ராண்ட்’ இதழ் 1908 ஜூனில் அவருடைய இசைப் படங்களைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது, படங்களும் சேர்த்து. ஸ்ட்ராண்ட் ஆறு மாதத்துக்கு ஒரு தொகுதியாக பைண்ட் செய்து விற்ற இதழ், அந்தத் தொகுதிகள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. 1908 ஜனவரி–ஜூன் தொகுதியைக் கேட்டு வாங்கினால் போதும். ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற அமெரிக்க இதழின் 1908 ஜூலையில் ஓவிய மாணவர்களுக்கு அவர் எழுதிய கட்டுரை இருக்கிறது. நாடகத்துக்குப் போ, மனிதர்கள் நிற்பதையும் நடப்பதையும் உற்றுப் பார் என்று வற்புறுத்துகிற கட்டுரை. அதை அச்சான தாளிலேயே படிப்பது எனக்குத் தனி சந்தோஷம்.

ஒன்று முக்கியம். அவர் நடுப்பெயரைப் பலரும் ‘கோல்மேன்’ என்று ஓர் எழுத்து கூட்டிப் பிழையாகப் பதிந்திருப்பார்கள். ஆங்கிலத்தில் தேடும்போது நடுவில் ‘இ’ போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை தேடுங்கள். பிழையாகப் பதிந்த பொருளை மற்றவர்கள் கவனிக்காமல் விட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

கையால் வண்ணம் தீட்டியவை

1902இல் ஜாக் யேட்ஸோடு சேர்ந்து ‘எ பிராட் ஷீட்’ என்ற மாத இதழில் வேலை செய்தார். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸின் தம்பிதான் ஜாக். ஒற்றைத் தாளில் படமும் பாட்டுமாக அச்சடித்து, கையால் வண்ணம் தீட்டி, எல்கின் மேத்யூஸ் கடை மூலம் விற்றார்கள். 1903இல் ஜாக் தனியாகத் தொடர்ந்தார், எனவே உங்களுக்கு வேண்டியது 1902ஆம் ஆண்டுத் தாள்கள். இதற்கும் ‘எ பிராட்சைட்’ என்ற இன்னொன்றுக்கும் நிறையப் பேர் குழம்புகிறார்கள். அது 1908இல் டப்ளினில் தொடங்கியது, ஜாக் யேட்ஸ் படம் வரைந்தது, பமீலாவின் இதழ் அல்ல. விற்பவர்களே சில சமயம் குழப்பிவிடுவார்கள், தாளின் தலைப்பையும் ஆண்டையும் படம் அனுப்பச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

1903இல் பமீலா தானே ‘தி கிரீன் ஷீஃப்’ தொடங்கினார். 1904 வரை மொத்தம் 13 இதழ்கள். டபிள்யூ. பி. யேட்ஸ், ஜே. எம். சிஞ், ஏ.ஈ. (ஜார்ஜ் ரஸ்ஸலின் புனைபெயர்) என்று ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சியின் பெரிய பெயர்கள் எழுதின, அவற்றுக்கு நடுவே பமீலாவின் படங்கள். ஒரு பெண் தன் இருபத்தைந்தாவது வயதில் ஆசிரியர், பதிப்பாளர், ஓவியர், வண்ணம் தீட்டுபவர் எல்லாமுமாக நின்று நடத்திய இதழ் இது. டாரட்டைவிட இந்தப் பதின்மூன்றும்தான் அவரை முழுசாகக் காட்டுகின்றன என்பது என் கருத்து. முழுத் தொகுப்பு ஏலத்துக்கு வருவது அரிது, உதிரி இதழ்கள் எப்போதாவது வரும்.

கையால் தீட்டியது என்றால் ஒரு பிரதிபோல் இன்னொன்று இருக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைப்பது அதுதான். வண்ணத்தின் ஓரத்தைப் பாருங்கள். நீர்வண்ணம் காய்ந்த இடத்தில் விளிம்பு மட்டும் கொஞ்சம் கருத்திருக்கும். தூரிகை அங்கங்கே கறுப்புக் கோட்டைத் தாண்டி வழிந்திருக்கும், சில இடத்தில் கோட்டைத் தொடாமல் வெள்ளை விட்டிருக்கும். தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால், வண்ணம் பட்ட இடத்தில் தாள் லேசாக நெளிந்திருப்பதும் தெரியும். லூப்பின் கீழ் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் சின்னச் சின்ன வட்டமாகக் கூடி நின்றால், அது நம் காலத்து நகல்.

அதற்கு முந்தைய 1899ஆம் ஆண்டின் ‘விடிகோம்ப் ஃபேர்’, ‘தி கோல்டன் வேனிட்டி அண்ட் தி கிரீன் பெட்’ இரண்டும் ஆங்கில நாட்டுப்பாடல்களுக்குப் போட்ட படத்தொகுப்புகள். இவற்றில் படத்தாள்கள் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. படங்களை உருவி ஃபிரேம் போட்டு விற்கும் பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. ஏதாவது பெரிய நூலகத்தின் பட்டியலில் எத்தனை தாள் என்று பார்த்து, விற்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் படம் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

டாரட் கட்டுகள்

எல்லாரும் இதற்குத்தான் வருகிறார்கள் என்று தெரியும். ஆனால் பணம் அதிகம் கரைவதும் இங்கேதான்.

1909 டிசம்பரில் வந்த முதல் கட்டின் பின்பக்கத்தில் ரோஜாவும் லில்லியும் இருக்கும். மிகச் சில கட்டுகளே மிஞ்சியிருக்கின்றன. அதற்குப் பின் ரைடர் வெளியிட்ட கட்டுகளின் பின்பக்கம் முழுக்க விரிசல் விழுந்ததுபோன்ற கோடுகள். சேகரிப்பவர்கள் இவற்றைப் பாம்-ஏ, பாம்-பி, பாம்-சி, பாம்-டி என்று வகைப்படுத்துகிறார்கள். பமீலாவின் பெயரிலிருந்து எடுத்த ‘பாம்’ அது, இந்த ஓர் இடத்திலாவது அவர் பெயர் முன்னால் நிற்கிறது. அன்றைய கல்லச்சு முறையில் அச்சகத்துக்காரர்கள் படத்தைக் கல்லின் மேல் மறுபடி வரைய வேண்டியிருந்தது. அதனால் ஒரு பதிப்புக்கும் இன்னொன்றுக்கும் கோடுகளே மாறும். சூரியன் சீட்டையும், காதலர்கள் சீட்டில் பெண்ணின் முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது வழக்கம். மூல ஓவியங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை, எனவே டாரட்டின் அசல் ஓவியம் என்று யாராவது விற்க வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

இந்தப் பழைய ரைடர் கட்டுகள் நல்ல நிலையில் இருந்தால் நம் பணத்துக்கு லட்சங்களில் போகும். புதியவர் இதில் இறங்க வேண்டியதில்லை. சிகாகோவின் டி லாரன்ஸ் என்பவர் 1910களில் அனுமதி இல்லாமல் நகலெடுத்து விற்ற கட்டும் ஒன்று உண்டு, பழையதுதான், ஆனால் ரைடர் விலை கொடுக்கக் கூடாது.

1959ஐ ஒட்டி நியூயார்க்கின் யூனிவர்சிட்டி புக்ஸ் ஒரு கட்டைக் கொண்டுவந்தது. 1968இல் கண்ணைப் பறிக்கும் வண்ணங்களோடு அல்பானோ என்பவரின் கட்டு வந்தது. 1971இல் யு.எஸ். கேம்ஸ் நிறுவனம் உரிமம் பெற்று வெளியிட்டது, உலகம் முழுக்கப் பரவியது இதுதான். சீட்டின் ஓரத்திலேயே 1971 என்று உரிமைக் குறிப்பு அச்சாகியிருக்கும். ‘பாட்டியின் பெட்டியில் இருந்தது, நூறு வருஷம் பழசு’ என்று விற்கும் கட்டில் அந்த வரி தெரிந்தால் மேலே பேச ஒன்றுமில்லை. அந்த வரியை வெட்டிவிட்டு, சீட்டைத் தேநீரில் நனைத்துப் பழுப்பாக்குபவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வைத்தியம், புற ஊதா டார்ச். ரூபாய் நோட்டு பார்ப்பதற்கு விற்கும் சாதாரண டார்ச் போதும். 1950களுக்குப் பிந்தைய தாள் பலவற்றில் வெண்மையூட்டும் ரசாயனம் கலந்திருக்கும், இருட்டில் அந்த ஒளி பட்டால் நீலமாகப் பளிச்சிடும். 1910ஆம் ஆண்டுத் தாள் அப்படி மின்னாது. மின்னவில்லை என்பதால் மட்டும் பழையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள், மின்னினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

வைத்துப் பார்த்து ரசிக்க ஒரு கட்டு வேண்டும் என்றால், 2009இல் நூற்றாண்டையொட்டி வந்த ஸ்மித்–வெயிட் கட்டை வாங்குங்கள். பழைய அச்சின் மங்கிய வண்ணங்களோடு, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும். பெயரிலும் ஸ்மித் முதலில் வருகிறது. அதில் நாணயங்கள் ஒன்பது சீட்டை எடுத்துப் பாருங்கள். திராட்சைத் தோட்டத்தில் தனியாக ஒரு பெண், பூப்போட்ட நீண்ட அங்கி, உறை போட்ட கையில் தலை மூடிய வல்லூறு. இப்போது கண்ணைக் கீழே இறக்குங்கள், தரையில் ஒரு நத்தை ஊர்ந்துகொண்டிருக்கும். மலிவு நகல்களில் அந்த நத்தை ஒரு கறையாகத்தான் தெரியும். எந்தக் கட்டை வாங்குவதானாலும் நான் முதலில் தேடுவது அந்த நத்தையைத்தான்.

பெட்டியும் வெயிட்டின் சிறு கையேடும் சேர்ந்து வந்தால் மதிப்பு கூடும். ஆனால் வேறு வேறு இடத்தில் கிடைத்த கட்டையும் கையேட்டையும் ஜோடி சேர்த்து விற்பதும் நடக்கிறது, ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வாங்குவது, வரவழைப்பது

பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோதான் வரவேண்டியிருக்கும். ஏலத்தில் கேட்கிற விலையோடு ஏலக்கூடத்தின் கமிஷன், அனுப்பும் செலவு, காப்பீடு, இங்கே வந்ததும் சுங்கத் தீர்வை என்று அடுக்கடுக்காக ஏறும். எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகையைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஏலத்துக்குப் போங்கள், அதற்கு மேல் ஒரு பைசா போகாதீர்கள். புத்தகம், பழைய அச்சுப்படம், சீட்டுக்கட்டு மூன்றுக்கும் சுங்க வகை வேறு வேறு. விற்பவரிடம் பொருளின் பெயர், ஆண்டு, உண்மையான விலை மூன்றையும் பார்சல் படிவத்தில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். தீர்வையை மிச்சம் பிடிக்க விலையைக் குறைத்துப் போடச் சொன்னால், பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான் வரும்.

வந்த பிறகு

லண்டன் குளிரில் நூறு வருஷம் பத்திரமாக இருந்த தாள், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி போட்டுவிடும். ஈரம்தான் முதல் எதிரி, அடுத்தது இராமபாணப் பூச்சி. படத்தாள்களை அமிலம் இல்லாத தாளில் வைத்து மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலம் வைத்து மாதம் ஒருமுறை மாற்றுங்கள். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம், மழை நீர் ஊறும். அந்துருண்டை நாற்றம் தாளில் ஏறி இறங்கவே இறங்காது, அதுவும் வேண்டாம். கையால் வண்ணம் தீட்டியவற்றைச் சுவரில் மாட்டாதீர்கள். ஜன்னல் வெளிச்சத்திலேயே வெளிறிவிடும். மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ஸ்கேன் எடுத்து அந்த நகலை மாட்டுங்கள். ஒட்டுநாடா மட்டும் எக்காரணம் கொண்டும் கூடாது. கிழிந்திருந்தால் கிழிந்தபடியே உறையில் வைத்துவிட்டு, காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

அசல் ஓவியங்கள்

1907 ஜனவரியில் ஸ்டீக்லிட்ஸ் தன் நியூயார்க் கூடத்தில் பமீலாவின் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். புகைப்படம் மட்டுமே மாட்டிவந்த அந்தச் சுவர்களில் முதலில் இடம் பிடித்த ஓவியர் அவர்தான், ரோடானும் மத்தீஸும் அங்கே வந்தது அதற்குப் பிறகு. கூட்டம் அலைமோதியது, ஓவியங்கள் விற்றன. அப்படி விற்றவற்றில் எத்தனையோ தனியார் வீடுகளுக்குள் போயிருக்கின்றன. பியூட்டில் ஏலம் போனவையும் அப்படித்தான். 1909 முதல் லண்டனில் இயங்கிய சஃப்ரேஜ் அட்டெலியே என்ற பெண் ஓவியர் குழுவுக்கும் அவர் வரைந்து கொடுத்தார், அந்தச் சுவரொட்டிகள் பலவற்றில் கையெழுத்தே கிடையாது.

ஆகவே பெயரில்லாத நீர்வண்ண ஓவியம் ஒன்று, அலையாக எழும் பெண்ணுருவங்களோடும் மூலையில் நெளியும் ஒரு முத்திரையோடும், சின்ன ஏலக்கூடம் ஒன்றின் பட்டியலில் தலைகாட்டினால் அதைக் கடந்து போகாதீர்கள். பல இசைப் படங்களில் எந்த இசைக்கு வரைந்தது என்று எழுதி வைத்திருப்பார், பீத்தோவன், ஷூமன், டெபுஸி என்று. ஃபிரேமின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கண்காட்சிச் சீட்டு, ஃபிரேம் கடை முத்திரை, பென்சிலில் எழுதிய எண் என்று சாட்சியெல்லாம் அங்கேதான் ஒட்டியிருக்கும். வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அந்தப் படங்களையும் ஏலத் தேதியையும் லாட் எண்ணையும் (ஏலப் பட்டியலில் அந்தப் பொருளுக்குக் கொடுத்த எண்) ஒரு கோப்பில் போட்டு வையுங்கள், ஏனென்றால் ஏலம் முடிந்த சில மாதங்களில் அந்தப் பக்கங்கள் இணையத்திலிருந்து காணாமல் போய்விடும்.